ரிப்போர்ட் நார்மல்... நீங்கள் நார்மலா?

நெஞ்சுப் படபடப்பு, வாயுத் தொல்லை, கழுத்து வலி, காரணமில்லாத கோபம் என்று பல வேஷங்களில் வருகிறது மன அழுத்தம். சுமப்பவருக்கே கடைசியாகத் தெரியவரும் அதன் அறிகுறிகளை முன்கூட்டியே கண்டுகொள்வது எப்படி?

டாக்டரின் மேசைமீது மஞ்சப்பை கவிழ்கிறது. இ.சி.ஜி., எக்கோ, வயிற்று ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, தைராய்டு, சுகர் என்று ரிப்போர்ட்டுகள் சரிகின்றன. வந்திருப்பவர் திருப்பூர் பின்னலாடை கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். மூன்று மாதமாக நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, சாப்பிட்டால் வயிறு உப்புகிறது, பின்கழுத்து இறுகிக் கிடக்கிறது.

"எல்லாமே நார்மலாத்தான் இருக்குங்க" என்கிறார் டாக்டர்.

"அப்புறம் ஏன் டாக்டர் இப்படிப் பண்ணுது? இன்னொரு ஸ்கேன் பார்த்துரலாங்களா?"

"தூக்கம் எப்படி?"

"அதெல்லாம் நல்லாத்தான் தூங்கறேன்."

பக்கத்து நாற்காலியிலிருந்து மனைவி குறுக்கிடுகிறார். "எங்கங்க தூங்கறாரு? மூணு மணிக்கே எந்திரிச்சு, லைட்டுகூடப் போடாம ஹால்ல உக்காந்திருக்காருங்க. என்னன்னு கேட்டா எரிஞ்சு விழறாரு. முந்தாநாள் பையன் பேனாவைத் தட்டிட்டே இருந்தான்னு அதைப் புடுங்கி ஒடைச்சுப்போட்டாருங்க."

"ஷிப்மென்ட் டென்ஷன் டாக்டர். சரக்கு போயிருச்சுன்னா சரியாயிரும்."

ஊரையும் தொழிலையும் மாற்றிப்போட்டால், தமிழ்நாட்டின் எந்த கிளினிக்கிலும் ஒரு மாலை நேரத்தில் நடக்கக்கூடிய உரையாடல் இது. மனைவிக்கு மூன்று மாதமாகத் தெரிந்தது கணவருக்குத் தெரியவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியாது. அழுத்தம் ஒரே நாளில் வந்து இறங்கினால் யாருக்கும் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்போது, நேற்றைய நிலையையே இயல்பு என்று எடுத்துக்கொண்டு நாம் அடுத்த படிக்குப் போய்விடுகிறோம். போதாக்குறைக்கு, ஓய்வில்லாமல் ஓடுவதைப் பொறுப்பின் அடையாளமாகக் கொண்டாடும் சமூகம் நம்முடையது. அதனால்தான் அறிகுறிகளைத் தேடிப் பார்க்கப் பழக வேண்டியிருக்கிறது.

ஆபத்துக்கு உதவ வந்தது

அழுத்தம் என்பது அடிப்படையில் உடம்பின் பாதுகாப்பு ஏற்பாடு. எதிரே லாரி வந்தால் ஒதுங்க வேண்டும். அதற்கு யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. சிறுநீரகங்களின் தலையில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன. இதயம் வேகமெடுக்கிறது, மூச்சு மேலேறுகிறது, தசைகள் முறுக்கேறுகின்றன, செரிமானம் தள்ளிவைக்கப்படுகிறது. சற்று நேரத்தில் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனும் சேர்ந்து, ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி, ஆற்றலுக்கு வழிசெய்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வால்டர் கேனன், எதிர்த்து நில் அல்லது தப்பி ஓடு என்கிற இந்தத் தயார்நிலையை 1915-இல் விளக்கினார்.

அதன் அடுத்த பக்கத்தைக் காட்டியவர் கனடாவின் மான்ட்ரியலில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே. குளிர், காயம், அளவுமீறிய உழைப்பு என வெவ்வேறு இம்சைகளுக்கு எலிகளை உட்படுத்தினார். இம்சை எதுவானாலும் விளைவு ஒன்றாகவே இருந்தது: அட்ரினல் சுரப்பி வீங்கியது, நோயெதிர்ப்புக்கான தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது. 1936-இல் 'நேச்சர்' இதழில் அவர் இதை வெளியிட்டார். முதலில் எச்சரிக்கை, பிறகு தாக்குப்பிடித்தல், கடைசியில் களைத்து வீழ்தல் என்று மூன்று கட்டங்களைப் பிரித்துக் காட்டினார்.

நம்மில் பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது அந்த நடுக்கட்டத்தில்தான். லாரி கடந்து போய்விடும். கடன் தவணையும், மேலதிகாரியின் வாட்ஸ்அப் செய்தியும், பிள்ளையின் நீட் தேர்வும் கடந்து போவதில்லை. டேங்க் நிறைந்த பிறகும் அணைக்கப்படாத மோட்டார்போல உடம்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. அப்போதும் வேலைக்குப் போகிறோம், சிரிக்கிறோம், கல்யாணங்களில் மொய் எழுதுகிறோம். தாக்குப்பிடிக்கிறோம் என்பதையே நன்றாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

உடம்பு முதலில் பேசும்

இந்த வரியைப் படிக்கும்போது உங்கள் மேல்பற்களும் கீழ்ப்பற்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றனவா? வாயில் உணவில்லாமல், பேசாமல் இருக்கும்போது உதடுகள் மூடியிருக்கலாம். பற்களுக்கிடையே சிறு இடைவெளி இருக்க வேண்டும். தாடையைக் கடித்துக்கொண்டே இருப்பது அழுத்தத்தின் மிகப் பழைய, மிகக் குறைவாகக் கவனிக்கப்படும் அடையாளங்களில் ஒன்று. காலையில் எழும்போது தாடை வலி, காதோரத்தில் தலைவலி, தேய்ந்த பற்கள் ஆகியவை அதன் தடயங்கள். இரவில் பல்லை நறநறவென்று கடிப்பது உங்களுக்குத் தெரியாது, பக்கத்தில் படுத்திருப்பவருக்குத் தெரியும்.

அடுத்து தோள்கள். பைக்கிலோ கம்ப்யூட்டர் முன்னோ இருக்கும்போது அவை காதை நோக்கி ஏறியிருக்கும். இறக்கிப் பாருங்கள், எவ்வளவு ஏறியிருந்தன என்பது அப்போதுதான் புரியும். மூச்சு வயிறுவரை இறங்காமல் நெஞ்சோடு நிற்பதும், பேச்சுக்கு நடுவே பெருமூச்சு வந்துகொண்டே இருப்பதும் இதே கதைதான்.

வயிறு தனி அத்தியாயம். மூளைக்கும் குடலுக்கும் இடையே நேரடி நரம்புத் தொடர்பு இருக்கிறது. அவசர நிலையில் முதலில் நிறுத்திவைக்கப்படுவது செரிமானம். அதனால்தான் அழுத்தம் நீடிக்கும்போது உப்புசம், நெஞ்செரிச்சல், வெளியே கிளம்பும் நேரத்தில் மட்டும் வரும் வயிற்றுக்கடுப்பு என்று ஏதாவதொன்று ஒட்டிக்கொள்கிறது. 'கேஸ்' என்று சொல்லி மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, மாதக்கணக்கில் காரணத்தை மூடிவைக்கிறோம்.

முடி உதிர்வு இன்னும் தந்திரமானது. பெரிய அதிர்ச்சிக்கோ நோய்க்கோ பிறகு, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டத் தொடங்கும். அதற்குள் பிரச்னை பழையதாகியிருக்கும். ஷாம்புவையும் உப்புத் தண்ணீரையும் குற்றம் சொல்லிக்கொண்டிருப்போம். அடிக்கடி வரும் வாய்ப்புண், கிளம்பிக்கொண்டே இருக்கும் அரிப்பு, தள்ளிப்போகும் மாதவிலக்கு, குறையும் தாம்பத்திய ஆர்வம் ஆகியவற்றுக்கும் காலண்டரைச் சற்றுப் பின்னால் புரட்டிப் பார்ப்பது நல்லது.

பிறகு தூக்கம். படுத்ததும் தூங்கிவிட்டு, பின்னிரவில் விழித்து, நாளைய வேலைப் பட்டியலை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருப்பது பலருக்கும் பழக்கமான அறிகுறி. கார்ட்டிசால் இயல்பிலேயே விடியலை நோக்கி ஏறத் தொடங்கும் ஹார்மோன். ஏற்கெனவே விழிப்பு நிலையில் இருக்கும் உடம்புக்கு, விழித்தபின் மீண்டும் கண்ணயர்வது கடினமாகிவிடுகிறது.

▪ பெட்டிச் செய்தி: 'டென்ஷன்தான்' என்று ஒதுக்கக் கூடாதவை

• நெஞ்சில் அழுத்தும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வையோடு மூச்சுத்திணறல் இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மாரடைப்பு வெறும் அசதியாகவோ வாயுத் தொல்லைபோலவோகூட வரலாம்.
• காரணமில்லாமல் எடை குறைவது, மலத்தில் ரத்தம், திடீரென்று வரும் கடுந்தலைவலி ஆகியவற்றுக்குப் பரிசோதனை அவசியம்.
• தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் அப்படியே அழுத்தம்போல நடிக்கும். தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருக்கிறது. களைப்பு என்றால் முதலில் ஹீமோகுளோபினைப் பாருங்கள்.

குணம் மாறுகிறதா?

உடம்புக்கு அடுத்தபடி மாறுவது சுபாவம். சிக்னலில் பச்சை விழுந்த நொடியே ஹாரனை அமுக்குவது. ஒரே மெயிலை நான்கு முறை படித்தும் மண்டையில் ஏறாதது. கேஸை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது. சின்ன முடிவைக்கூட எடுக்க முடியாமல், "என்ன டிபன் பண்ணட்டும்?" என்ற கேள்விக்கே எரிச்சல் வருவது. நண்பரின் போன் அடிக்கும்போது எடுக்காமல் வேடிக்கை பார்ப்பது. பிடித்த பாட்டு, பிடித்த கிரிக்கெட், பிடித்த கோயில் எதிலும் ருசி இல்லாமல் போவது.

இவற்றை நாம் அறிகுறி என்று எண்ணுவதில்லை. 'வயசாயிடுச்சு', 'அவன் அப்படிப் பேசினா கோபம் வராதா' என்று நியாயம் கண்டுபிடிக்கிறோம். நியாயம் இருக்கலாம். ஆனால், ஆறு மாதத்துக்கு முன்னால் இதே விஷயம் உங்களை இந்த அளவுக்குச் சீண்டியிருக்குமா? விடை இல்லையென்றால், மாறியிருப்பது எதிராளி அல்ல.

பழக்கங்களும் காட்டிக்கொடுக்கும். மூன்று டீ ஏழாகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைக் குடி புதன்கிழமைக்கும் வந்திருக்கும். எல்லாரும் தூங்கிய பிறகு ஒரு மணிவரை ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருப்போம். நாள் முழுக்கத் தனக்கென்று நேரம் கிடைக்காத மனிதர், தூக்கத்திலிருந்து அதைத் திருடிக்கொள்கிறார்.

ஆளுக்கு ஆள் வேறு முகம்

காலை ஆறேகால் மணி. குக்கர் மூன்றாவது விசில் விடுகிறது. மிக்ஸி மூடியைக் காணவில்லை. தேடிக்கொண்டிருக்கும்போதே, "அம்மா, என் சாக்ஸ்?" என்று ஒரு குரல். அடுப்படியில் நிற்பவர் சட்டென்று அழுதுவிடுகிறார். மூடி தொலைந்ததற்கு யாராவது அழுவார்களா என்று வீடு சிரிக்கிறது. அது மூடிக்கான அழுகை இல்லை. மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடங்கள். ஆண்கள் 97 நிமிடங்கள். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இது இரண்டாவது ஷிப்ட். நேரத்தைவிடப் பெரிய சுமை, எது எங்கே இருக்கிறது, யாருக்கு எப்போது என்ன வேண்டும் என்பதை ஒரே தலை நினைவில் வைத்திருப்பது.

மாணவர்களிடம் அழுத்தம் பரீட்சையன்று காய்ச்சலாக, திங்கட்கிழமை வயிற்றுவலியாக வரும். 'நடிக்கிறான்' என்று முடிவு கட்டுவதற்கு முன், சனி ஞாயிறில் அந்த வலி எங்கே போகிறது என்று பாருங்கள். ஓய்வுபெற்ற ஆண்களிடம் அது ஓயாத குறை சொல்லலாக வெளிப்படலாம். ஜவுளிக்கடைப் பணியாளரிடம் கால்வலியாக, டெலிவரி செய்யும் இளைஞரிடம் முதுகுவலியாக, சிரித்துப் பேசியே ஆக வேண்டிய கால்சென்டர் ஊழியரிடம் வீட்டுக்கு வந்தபின் ஒரு வார்த்தையும் பேசப் பிடிக்காத மௌனமாக வரும்.

▪ பெட்டிச் செய்தி: நல்லது நடந்தாலும் சுமைதான்

அமெரிக்காவின் தாமஸ் ஹோம்ஸும் ரிச்சர்டு ராஹேவும் 1967-இல் வாழ்க்கை நிகழ்வுகள் 43-ஐப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு அனுசரிப்பைக் கேட்கிறது என்று மதிப்பெண் தந்தார்கள்.

• வாழ்க்கைத்துணையின் மரணம்: 100
• விவாகரத்து: 73
• திருமணம்: 50
• பணி ஓய்வு: 45
• கர்ப்பம்: 40
• வீடு மாறுவது: 20

கல்யாணமும், குழந்தைப்பேறும், புதுவீடு புகுவதும் ஒரே வருடத்தில் நடந்தால் ஊர் வாழ்த்தும். உடம்பு கணக்கை வேறுமாதிரி போடும்.

கவனிக்காமல் விட்டால்...

முதல் அடி நோயெதிர்ப்புக்கு. 1995-இல் அமெரிக்காவின் ஓஹியோவில் ஓர் ஆய்வு. மறதிநோய் வந்த உறவினரைக் கவனித்துக்கொள்ளும் 13 பெண்கள், அப்படிப் பொறுப்பு இல்லாத 13 பெண்கள் ஆகியோரின் கையில் ஒரே அளவுச் சிறு காயம் ஏற்படுத்தப்பட்டது. பராமரிப்புப் பொறுப்பில் இருந்தவர்களுக்குக் காயம் ஆற சராசரியாக 9 நாள் கூடுதலாகப் பிடித்தது. வீட்டில் படுத்த படுக்கையான மாமியாரையோ அப்பாவையோ பார்த்துக்கொள்பவர்கள் இந்த எண்ணை மறக்கக் கூடாது.

அடுத்தது இதயமும் மூளையும். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 35-40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட, 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம். காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டுவரை ஐந்து நாள் வேலை செய்தாலே 55 மணி நேரம் வந்துவிடுகிறது. நம் ஊரில் அதோடு சனிக்கிழமையும் உண்டு. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருப்பவர்களுக்கு அழுத்தக் காலத்தில் அளவுகள் கட்டுக்குள் நிற்காமல் போகலாம். மாத்திரையை மாற்றும் முன் வாழ்க்கையில் என்ன மாறியது என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

மூன்றாவது, தப்பான மருந்து. தூக்கத்துக்காகக் குடிப்பவருக்குக் கண் அசரும். ஆனால் பின்னிரவில் தூக்கம் கலைந்துபோகும். மறுநாள் களைப்பு, கூடுதல் டீ, கூடுதல் எரிச்சல், மறுபடி பாட்டில். தெரிந்தவர் கொடுத்தார் என்று தூக்க மாத்திரையைத் தொடங்குபவர் அதை விட முடியாமல் திணறுகிறார்.

நான்காவது, வீடு. அலுவலகத்தில் வாயைத் திறக்க முடியாதவர் அந்தக் கோபத்தை இறக்கிவைக்கும் இடம், திருப்பிப் பேச முடியாதவர்கள் இருக்கும் இடம். உடைந்த பேனாவுக்குப் பதில் புதுப் பேனா வாங்கித் தந்துவிடலாம். அப்பா வண்டி சத்தம் கேட்டதும் பிள்ளை வேறு அறைக்குப் போகப் பழகிவிட்டால், அதைத் திரும்ப வாங்க வருடங்கள் ஆகும்.

நீண்ட அழுத்தம் மனச்சோர்வு நோயாகவும் மாறலாம். இரண்டும் ஒன்றல்ல. காரணம் விலகினால் அழுத்தம் பெரும்பாலும் இறங்கிவிடும்; மனச்சோர்வு காரணம் போன பிறகும் நிற்கக்கூடும். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நேரம் துக்கம், எதிலும் ஆர்வமின்மை, பசியும் தூக்கமும் குலைவது, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம் இருந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒருமுறை வந்தால்கூடத் தாமதிக்கக் கூடாது. பெங்களூரு நிம்ஹான்ஸ், தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு (2015-16), பெரியவர்களில் 10.6 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017-இன் 115-ஆம் பிரிவு. சட்டத்துக்கு வந்த கருணை வீட்டுக்கும் வர வேண்டும்.

உங்கள் முதல் அறிகுறி எது?

பொதுப் பட்டியலை மனப்பாடம் செய்வதால் பெரிய பலனில்லை. ஒவ்வொருவருக்கும் அழுத்தம் நுழையும் வாசல் ஒன்று உண்டு. ஒருவருக்கு அது தாடை, இன்னொருவருக்கு வயிறு, வேறொருவருக்கு வாய்த்துடுக்கு. கடந்த சில வருடங்களில் நீங்கள் மிகவும் நெருக்கடியில் இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். மகளின் கல்யாணமோ, வேலை போனதோ, அம்மாவின் அறுவை சிகிச்சையோ. அதற்கு முந்தைய வாரங்களில் முதலில் கெட்டது எது? அடுத்த முறையும் பெரும்பாலும் அதே வாசல்தான்.

நினைவு வராவிட்டால் வீட்டில் கேளுங்கள்: "நான் டென்ஷன்ல இருக்கேன்னு உனக்கு எதை வெச்சுத் தெரியும்?" பதில் வரும்போது வாதாடாதீர்கள். நீங்கள் பார்க்க முடியாத பக்கத்தை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

▪ பெட்டிச் செய்தி: இந்த வாரம் எழுதிப் பாருங்கள்

படுக்கப்போகும் முன், ஒரு சிறிய டைரியில் ஐந்து வரி போதும்.

1. எத்தனை மணி நேரத் தூக்கம்? இடையில் விழிப்பு வந்ததா?
2. உடம்பில் எங்கே இறுக்கம், எப்போது?
3. யார்மீது எரிந்து விழுந்தேன், எதற்கு?
4. டீ, காபி, சிகரெட், மது, போன்: வழக்கத்தைவிட எவ்வளவு கூடுதல்?
5. இன்று எனக்குப் பிடித்ததாக என்ன செய்தேன்?

ஏழு நாள் கழித்துச் சேர்த்துப் படியுங்கள். கழுத்துவலி மாதாந்திர மீட்டிங்குக்கு முதல் நாளே தொடங்குவதும், தவணைத் தேதி நெருங்க நெருங்கத் தூக்கம் குறைவதும் உங்கள் கையெழுத்திலேயே தெரியும். தெரிந்தால் டாக்டரிடமும் அந்த டைரியைக் காட்டுங்கள்.

தெரிந்துவிட்டது, அடுத்து?

உடனடி முதலுதவிக்கு மூச்சைவிட எளிய கருவி இல்லை. உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற நிதானத்தில் ஐந்து நிமிடம் செய்தால் இதயத் துடிப்பு தணியும். தினமும் அரைமணி நேரம் நடை, மதியத்துக்குப் பிறகு காபியைத் தவிர்ப்பது, படுக்கையறைக்கு வெளியே போன் ஆகியவை தூக்கத்தை மீட்டுத் தரும்.

ஆனால், மூச்சுப்பயிற்சி கடனை அடைக்காது. மூன்று ஆள் வேலையை ஒருவர் செய்யும் இடத்தில், அவரைத் தியானம் செய்யச் சொல்வது அநியாயம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய் வகைப்பாட்டில், வேலையால் எரிந்து தீர்ந்துபோகும் நிலையைச் சரியாகக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே வரையறுத்தது. சக்தி வற்றுவது, வேலைமீது கசப்பும் ஒட்டாமையும், திறன் குறைவது ஆகியவை அதன் அடையாளங்கள். அதாவது, அந்த அறிகுறிகள் ஊழியரைப் பற்றிச் சொல்வதைப்போலவே நிறுவனத்தைப் பற்றியும் சொல்கின்றன.

பணியிடத்தை மாற்ற முடியும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத்தைத் திருத்தியது. தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட 2023 சட்டத் திருத்த மசோதா, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் அதே ஆண்டு மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. வீட்டிலும் சட்டம் திருத்தலாம். காலை டிபன் யார் பொறுப்பு, பாட்டியின் மாத்திரை யார் பொறுப்பு என்று பிரித்து எழுதி ஒட்டுவது, ஆயிரம் ஆறுதல் வார்த்தைகளைவிட அடுப்படிக்கு உதவும்.

உதவி கேட்கக் கோடீஸ்வரராக இருக்கத் தேவையில்லை. மத்திய அரசின் டெலிமானஸ் சேவை 2022 அக்டோபர் 10-இல் தொடங்கியது. 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 எண்ணும் இருக்கிறது. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. உடல்நோய்க்குத் தருவதுபோலவே மனநோய் சிகிச்சைக்கும் காப்பீடு தர வேண்டும் என்பது 2017 சட்டத்தின் 21-ஆம் பிரிவு.

'எல்லாருக்கும்தான் டென்ஷன் இருக்கு' என்ற பதிலை இனி யாருக்கும் சொல்லாதீர்கள், உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வதையும் நிறுத்துங்கள். எல்லாருக்கும் இருக்கிறது என்பதால் அது சிறியதாகிவிடாது. உங்கள் முதல் அறிகுறியைக் கண்டுபிடியுங்கள். அதை வீட்டில் ஒருவரிடமும் வேலையிடத்தில் ஒருவரிடமும் வெளிப்படையாகச் சொல்லிவையுங்கள். அது தலைகாட்டும் வாரத்தில், இறக்கிவைக்கக்கூடிய ஒரு சுமையையாவது அந்த வாரமே இறக்கிவையுங்கள். ஷிப்மென்ட் முடியட்டும், பரீட்சை முடியட்டும், கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடுபவர்களுக்கு, முடிந்த இடத்தில் அடுத்தது தயாராகக் காத்திருக்கும்.